மாடு மேய்க்கவும் படிப்பு வேண்டும்

"ஒழுங்காப் படிக்கலேன்னா மாடுதான் மேய்க்கணும்." இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை யாராவது உண்டா? நானும் கேட்டேன், நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பயந்தே படித்து, ரயிலேறி, புனேக்கும் மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் வந்து சேர்ந்தவர்கள் நாம். வந்த பிறகாவது அந்த வசனத்தை விட்டோமா என்றால், இல்லை. எஸ்.டி.டி. போய் செல்போன் வந்தும், ஊரில் இருக்கும் தம்பி மகனுக்கும் அக்கா மகனுக்கும் அதையே இங்கிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பதிவு அந்த வசனத்துக்கு எதிரானது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். ஒட்டன்சத்திரம் பக்கம் என் அக்காவுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். தக்காளி, முருங்கை, கொஞ்சம் மக்காச்சோளம். அக்கா மகன் பன்னிரண்டாவது முடித்தான். மார்க் சுமார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் எப்படியாவது இன்ஜினியரிங் சீட் வாங்கிவிடலாம், மாமன் புனேயில் இருக்கிறான், பணத்துக்குக் கைகொடுப்பான் என்பது வீட்டுக் கணக்கு. பையனோ பக்கத்து மாவட்டத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் வேளாண் உற்பத்தி டிப்ளமோ படிக்கிறேன் என்று நிற்கிறான். ஒரு வருடப் படிப்பு. அக்கா போன் செய்து, "ஏன்டா தம்பி, நீ சொன்னா கேப்பான், எடுத்துச் சொல்லுடா. மம்புட்டி பிடிக்கிறதுக்கு எதுக்குடா காலேஜ்?" என்றாள்.

நான் எடுத்துச் சொல்லவில்லை. அவனைச் சேர்க்கச் சொன்னேன். அக்கா இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவளுக்குப் போனில் விளக்க முடியவில்லை. நம்மில் பலருக்கு இப்படி ஒரு போன் என்றாவது வரும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், சமுதாயக் கல்லூரி என்றால் என்ன? அமெரிக்காவில் இது நூறு வருடத்துக்கும் மேலான சங்கதி. 1901-ல் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கியதுதான் அங்கே முதல் அரசு சமுதாயக் கல்லூரி. சோளமும் சோயாவும் விளையும் சீமை அது. இன்றைக்கும் அந்தக் கல்லூரி விவசாயம் சொல்லித் தருகிறது, பயிற்சிக்கென்று சொந்தப் பண்ணை வைத்திருக்கிறது. நம் நாட்டில் 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த வருடம் சென்னையில் ஒன்று வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்றே ஒரு திட்டம் போட்டு, 2013 முதல் நாடு முழுக்கக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. ஆறு மாதம் படித்தால் சான்றிதழ், ஒரு வருடம் படித்தால் டிப்ளமோ, இரண்டு வருடம் என்றால் அட்வான்ஸ்டு டிப்ளமோ. கட்டணம் குறைவு. உள்ளூர் வேலைக்கு உள்ளூரிலேயே படிப்பு என்பதுதான் இதன் அடிப்படை.

திட்டம் நல்ல திட்டம். ஆனால் நான் பார்த்தவரை இந்தக் கல்லூரிகளின் பட்டியலைத் திறந்தால் கணினி, அழகுக்கலை, சில்லறை வணிகம், உணவக நிர்வாகம் என்று போகும். விவசாயத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். நாட்டில் வேலை செய்பவர்களில் 100-க்கு 45 பேருக்கு மேல் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள் என்று அரசின் 2022-23 கணக்கெடுப்பு சொல்கிறது. இத்தனை பேர் செய்யும் தொழிலுக்குப் பயிற்சி வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்!

"அதான் அக்ரி யுனிவர்சிட்டி இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-ல் கோவைக்குப் போய், 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. இங்கே மகாராஷ்டிராவில் ராகுரி, அகோலா, பர்பணி, தாபோலி என்று நான்கு வேளாண் பல்கலைக்கழகங்கள். அங்கே நான்கு வருடம் பி.எஸ்சி. விவசாயம் படித்தவர்கள் எங்கே போகிறார்கள்? வங்கியில் வேளாண் அதிகாரி, உரக் கம்பெனியில் விற்பனை, அரசுத் துறை, இல்லாவிட்டால் குடிமைப்பணித் தேர்வு. தப்புச் சொல்லவில்லை. அவர்கள் விவசாயியின் பக்கத்தில் நிற்கப் படித்தவர்கள். விவசாயியாகவே நிற்கப் போகிறவனுக்கு என்ன படிப்பு என்பதுதான் என் கேள்வி.

நான் சக்கன் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன். எங்கள் ஷாப் ஃப்ளோரில் ஐ.டி.ஐ. முடித்து அப்ரென்டிஸ் இருந்த பிறகுதான் ஒரு பையனை மெஷினில் தனியாக நிற்க விடுவோம். அதற்கு முன் விட்டால் மெஷினும் போகும், அவன் விரலும் போகும். ஆனால் மூன்று ஏக்கர் நிலம், ஒரு போர், மோட்டார், வருடத்துக்கு லட்சக்கணக்கில் விதை, உரம், கூலி, இத்தனையையும் "அப்பா செய்ததைப் பார்த்துச் செய்" என்று இருபது வயதுப் பையன் கையில் கொடுத்துவிடுகிறோம்.

"விவசாயம் ரத்தத்துல வரணும், காலேஜ்ல வராது" என்று மச்சான் சொன்னார். பாதி நிஜம். மேகத்தைப் பார்த்து மழை சொல்வதும், மண்ணைக் கையில் அள்ளி ஈரம் சொல்வதும் எந்த வகுப்பிலும் வராது. ஆனால் அவர் அப்பா காலத்தில் சொட்டுநீர் கிடையாது. குழித்தட்டு நாற்று கிடையாது. ஒட்டுரக விதை கிடையாது. கடையில் ஐம்பது விதமான மருந்து கிடையாது. தாத்தாவுக்குத் தெரிந்ததெல்லாம் தாத்தா காலத்துத் தோட்டத்துக்கு. இன்றைய தோட்டம் வேறு.

தக்காளியையே எடுத்துக்கொள்ளுங்கள். காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். பார்த்தவுடன் பூஞ்சாணம் என்று நினைத்து கடையில் போய் நிற்போம், கடைக்காரரும் ஒரு மருந்தைக் கொடுப்பார். உண்மையில் அது பூஞ்சாண நோயே இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. ஒரு வாரம் காயப்போட்டு, மறுவாரம் வெள்ளமாய்த் தண்ணீர் விட்டால் மண்ணில் சத்து இருந்தும் செடி எடுக்காது. தண்ணீரைச் சீராக விட்டாலே பாதிக்கு மேல் சரியாகும். அதேபோல இலைச்சுருள் நோய். அது வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவந்து ஏற்றிவிட்டால் அந்தச் செடியைக் காப்பாற்ற மருந்தே இல்லை. நாற்றங்காலில் வலை கட்டி ஈயை அண்டவிடாமல் வைப்பதும், நோய் கண்ட செடியை முதலிலேயே பிடுங்கி எறிவதும்தான் வழி. இது தெரியாமல் சுருண்ட செடிக்கு டேங்க் டேங்காக அடித்துக்கொண்டிருந்தால் பணம்தான் சுருளும்.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை. 2017-ல் இதே மகாராஷ்டிராவில், யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தே போனார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த பருத்திக்குள் முகமூடி, கையுறை எதுவும் இல்லாமல் போய், எதோடு எதைக் கலக்கலாம் என்று சொல்ல ஆளில்லாமல், அடித்தார்கள். பலர் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் கூட இல்லை, கூலிக்குப் போனவர்கள்.

இன்னொன்றும் உண்டு. 2003-ல் ஐதராபாத்தில் இருக்கும் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம், உரம், மருந்து விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வருட டிப்ளமோ தொடங்கியது. வாரம் ஒரு நாள் வகுப்பு, 48 வாரம். பிறகு மருந்துக் கடை உரிமத்துக்கே இப்படி ஏதாவது படித்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. மிகவும் சரியான விதி. ஆனால் யோசித்துப் பாருங்கள். விற்கிறவனுக்குப் படிப்பு வேண்டும், வாங்கி அடிக்கிறவனுக்கு வேண்டாமா?

2010-ல் நாசிக் திராட்சைக்கு நடந்ததும் இதே கதைதான். கொடிக்கு அடித்த ஒரு வளர்ச்சி ஊக்கியின் எச்சம் பழத்தில் இருக்கிறது என்று ஐரோப்பாவில் திருப்பிவிட்டார்கள். கோடிக்கணக்கில் நஷ்டம். எந்த மருந்தை, எந்தப் பருவத்தில், அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது இன்றைக்கு விவசாயத்தில் பாதி. இதெல்லாம் ரத்தத்தில் வராது, சாமி.

சரி, படித்து என்ன வந்தது? போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா மகன் படிக்கும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். பெரிய கட்டிடமெல்லாம் இல்லை. ஓட்டுக் கூரை வகுப்பு இரண்டு, நான்கைந்து ஏக்கர் நிலம், ஒரு நிழல்வலைக் குடில். காலையில் வேலை, மதியத்துக்கு மேல் பாடம். பாடம் தமிழில். ஒவ்வொருவனுக்கும் பத்து சென்ட் நிலம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். என்ன போடலாம் என்பதும் அவன் முடிவு, நஷ்டமும் அவன் நோட்டில். மண் எடுத்து ஆய்வுக்கு அனுப்பி, வந்த ரிப்போர்ட்டைப் படித்து, எவ்வளவு தழைச்சத்து, எவ்வளவு மணிச்சத்து, எவ்வளவு சாம்பல்சத்து என்று அவனே கணக்குப் போட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அவன் நோட்டுதான். தக்காளிப் பெட்டி 14 கிலோ. பெட்டிக்குப் பறிப்புக் கூலி 30 ரூபாய், வண்டி வாடகை 20 ரூபாய், மண்டியில் கமிஷன் நூற்றுக்குப் பத்து. "அப்போ பெட்டி 56 ரூவாய்க்குக் கீழ போனா பறிக்காம விடறதுதான் மாமா லாபம். அப்பா நாப்பது ரூவாய்க்கும் பறிச்சு ஏத்திவிடுவாரு, கையில இருக்கறதும் போகும்" என்றான். மச்சான் பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடமாக விவசாயம் செய்கிறவர், விலை விழுந்தால் விதியை நொந்துகொள்வாரே தவிர, எந்த விலையில் நிறுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டதில்லை. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர் குற்றம் இல்லை அது.

இனி எதிர்க்கேள்விகள். எல்லாம் நியாயமானவை, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று, வருமானம். 2018-19-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய்தான். கூலிக்குப் போய்ச் சம்பாதித்தது அதைவிட அதிகம். 2003-ல் எடுத்த கணக்கில், வேறு வழி இருந்தால் விவசாயத்தை விட்டுவிடுவோம் என்று 100-க்கு 40 பேர் சொன்னார்கள். சராசரி நிலம் நாட்டில் 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. இதை மறைத்துவிட்டு, "விவசாயம் செய், கோடீஸ்வரன் ஆகு" என்று நான் எழுதினால் அது மோசடி. டிப்ளமோ மழை கொண்டுவராது, மண்டி விலையை ஏற்றாது, நிலத்தைப் பெரிதாக்காது. செலவில் வீணாய்ப் போவதைக் குறைக்கும், பயிரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித் தரும், நாற்றுப் பண்ணை, சொட்டுநீர் அமைத்துக் கொடுப்பது, காளான், தேனீ என்று பக்கத்தில் ஒரு வருமானத்துக்கு வழி காட்டும். அவ்வளவுதான். ஆனால் மூன்று ஏக்கர்க்காரனுக்கு அந்த "அவ்வளவுதான்" சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது, கல்யாணம். சிரிக்காதீர்கள், அக்காவின் நிஜமான பயம் இதுதான். விவசாயம் பார்க்கிற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. பத்து ஏக்கர் இருந்தாலும் "பையன் என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். இங்கே மேற்கு மகாராஷ்டிராவிலும் இதே கதைதான், என் மராட்டி நண்பர்கள் சொல்லிப் புலம்புகிறார்கள். இதற்கு டிப்ளமோ மருந்தில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பெண் கொடுக்க மறுப்பவர்கள் யார்? நாம்தானே? புனேயிலும் பெங்களூரிலும் உட்கார்ந்துகொண்டு நம்மாழ்வாரைப் பற்றிப் பதிவு படித்து நெகிழ்வோம், இயற்கைக் காய்கறிக்கு இரண்டு மடங்கு விலை கொடுப்போம், விளைவிக்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம். :-)

மூன்றாவது, சர்டிபிகேட்டுக்கு மதிப்பு. அரசு வேலைக்கு இது பெரிதாக உதவாது என்பது உண்மை. ஆனால் முற்றிலும் உதவாது என்பதில்லை. வேளாண் மருத்துவமனை, வேளாண் தொழில் மையம் வைக்க மத்திய அரசின் திட்டம் ஒன்று 2002 முதல் இருக்கிறது. வேளாண் பட்டதாரிகளோடு டிப்ளமோ படித்தவர்களுக்கும் அதில் இடம் உண்டு. பயிற்சி இலவசம், வங்கிக் கடனில் பொதுப்பிரிவினருக்கு 36 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 44 சதவீதம் மானியம். எந்த டிப்ளமோ செல்லும் என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை வந்த பிறகு, ஒரு வருடம் படித்து வெளியே போய்ப் பிறகு திரும்பி வந்து தொடரலாம் என்ற கதவும் கொஞ்சம் திறந்திருக்கிறது.

இந்த விஷயத்தில் மகாராஷ்டிராவிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. பத்தாவது முடித்த பையன்களுக்கு மராட்டியிலேயே வேளாண் டிப்ளமோ சொல்லித்தரும் பள்ளிகள் இங்கே நிறைய. நாசிக்கில் 1989-ல் தொடங்கிய யஷ்வந்த்ராவ் சவாண் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பழ உற்பத்தி, காய்கறி உற்பத்தி என்று பயிரை வைத்தே டிப்ளமோ நடத்தியது. தோட்டத்தை விட்டு நகர முடியாதவனும் படிக்கலாம். நம் கோவைப் பல்கலைக்கழகமும் தொலைதூரக் கல்வியில் விவசாயிகளுக்குத் தமிழில் சான்றிதழ் படிப்புகள் கொண்டுவந்தது. நாட்டிலேயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் வந்ததும் நம் புதுச்சேரியில்தான். இன்று அப்படி 700-க்கும் மேல் இருக்கின்றன. வழி இருக்கிறது. அனுப்பி வைக்கத்தான் மனசு இல்லை.

ஆகவே மக்களே, ஊரிலிருந்து உங்களுக்கும் அப்படி ஒரு போன் வந்தால் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியது மூன்று.

முதலாவது, கல்லூரியை விசாரியுங்கள். சொந்த நிலமும் தண்ணீரும் இருக்கிறதா? ஒரு முழுப் பருவம், விதையிலிருந்து விற்பனை வரை, பையன் கையாலேயே செய்ய விடுகிறார்களா? கணக்கு எழுதச் சொல்லித் தருகிறார்களா? பாடம் நடத்துகிறவர் பயிர் வைத்தவரா? பெண் பிள்ளைகளைச் சேர்க்கிறார்களா? (களை எடுப்பதிலிருந்து பறிப்பு வரை பெண்கள்தான். வகுப்பில் மட்டும் பையன்களாக உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்?) இதில் பாதிக்கு மேல் "இல்லை" என்றால் அது காகிதம் கொடுக்கும் இடம், வேண்டாம்.

இரண்டாவது, இன்ஜினியரிங்குக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள். கட்டணம் குறைவுதான். படிப்பு முடிந்த பிறகு முதல் இரண்டு வருடம்தான் கஷ்டம். சொட்டுநீருக்கோ, நிழல்வலைக்கோ, ஒரு பருவம் விலை விழுந்தால் தாங்கிக்கொள்ளவோ அந்தப் பணம் வேண்டும். நாலு வருட இன்ஜினியரிங்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு லட்சங்களை எடுத்து வைக்கிற நாம், பயிருக்கு ஐம்பதாயிரம் கேட்டால் ஏன் வட்டிக் கணக்குப் பார்க்கிறோம்?

மூன்றாவதுதான் கடினமானது. நிலம். நம்மில் பலருக்கு ஊரில் பங்கு இருக்கிறது. பட்டா நம் பெயரில் அல்லது இறந்துபோன அப்பா பெயரில். யாரோ வாரத்துக்கோ குத்தகைக்கோ வாய்ப்பேச்சில் உழுகிறார்கள். அல்லது பிளாட் போடுகிறவர் நல்ல விலை சொல்லட்டும் என்று சும்மா கிடக்கிறது. படித்த பையன் அந்த நிலத்தில் இறங்கினால் அவன் கையில் காகிதம் இருக்காது. காகிதம் இல்லாவிட்டால் வங்கி மதிக்காது, பயிர்க் காப்பீடு சிக்கல், மானியம் சிக்கல். பட்டாவைச் சரிசெய்து, ஐந்து வருடத்துக்காவது எழுத்தில் குத்தகை போட்டுக் கொடுங்கள். குத்தகைப் பணம் வாங்குங்கள், இனாம் வேண்டாம். ஐந்து வருடம் கையில் இருக்கும் என்று தெரிந்தால்தான் அவன் மண்ணுக்குத் தொழு உரம் போடுவான், மரம் வைப்பான். நாளைக்கே பிடுங்கிக்கொள்வார்கள் என்றால் எந்தப் படிப்பும் அவனை உரம் மூட்டையிலிருந்து காப்பாற்றாது.

நான் என் பங்கு ஒன்றரை ஏக்கரை அக்கா மகன் பெயருக்குக் குத்தகை எழுதப் போகிறேன். வீட்டில் இதற்கு முழுச் சம்மதம் இல்லை. "நாளைக்கு நம்ம பொண்ணு படிப்புக்கு வித்துக்கலாம்னு இருந்தோமே" என்பது இல்லாளின் வாதம், அதிலும் நியாயம் இருக்கிறது. ஐந்து வருடம் என்பது அந்தப் பேச்சில் வந்து நின்ற சமரசம்தான்.

ஐந்து வருடத்தில் அவன் ஜெயிப்பானா? உத்தரவாதம் யாரால் தர முடியும்? போர் வற்றலாம், தக்காளி மூன்று வருடம் தொடர்ந்து தெருவில் கொட்டப்படலாம். அப்போது அவன் வேறு வேலைக்குப் போனால் அதுவும் தோல்வி இல்லை. இன்ஜினியரிங் படித்துவிட்டு வேறு வேலை பார்ப்பவர்களை நாம் தோற்றவர்கள் என்றா சொல்கிறோம்? ஒரு தொழிலை முறையாகப் படித்துச் செய்து பார்க்க ஒருவனுக்கு உரிமை உண்டு. மெஷினுக்குப் படிப்பவனுக்குக் கிடைக்கும் அந்த மரியாதை மண்ணுக்குப் படிப்பவனுக்கும் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

உங்கள் ஊரில், உங்கள் குடும்பத்தில், இப்படிப் படித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். எந்தக் கல்லூரி உருப்படியாகச் சொல்லித் தருகிறது என்று நாலு பேருக்குத் தெரியட்டும். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது அந்த மாடு மேய்க்கும் வசனத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மாடு மேய்ப்பதற்கும் இப்போது தீவனக் கணக்கு, சினைக் கணக்கு, தடுப்பூசிக் கணக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.